பியர் காய்ச்சும் ஸ்டாண்டு: செய்வதும் சோதிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சும் தமிழ் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். ஒரு தடவைக்கு 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர், காய்ச்சும் ஸ்டாண்டைத்தான் பேசுகிறோம். நன்றாகக் காய்ச்சுவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பாத்திரத்தோடு சேர்ந்து அறுபது கிலோ வரும் கொதிநீரைத் தாங்கும் இரும்பை நம்பலாமா என்று பார்க்கச் சொல்பவர்கள் குறைவு. அதற்காகத்தான் இது.

அண்ணா, ஸ்டாண்டு எதுக்கு? அடுப்பு மேல ஒரு அண்டாவை வச்சுக் காய்ச்சினா ஆகாதா?

5 கேலன் காய்ச்சினால் ஆகும். ஒரு பெரிய அண்டா, ஒரு பர்னர், வேறு ஒன்றும் வேண்டாம். 10 கேலனுக்குப் போனால்தான் சிக்கல். அப்போது மூன்று பாத்திரம் வேண்டும்: வெந்நீருக்கு ஒன்று, அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் மேஷ் பாத்திரம் ஒன்று, அதிலிருந்து இறங்கும் வொர்ட் என்ற இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போட்டுக் கொதிக்க வைக்க ஒன்று.

கொதிக்கும் பாத்திரத்தில் தொடக்கத்தில் 45 லிட்டருக்கு மேல் இருக்கும். பாத்திரத்தின் எடையும் சேர்ந்தால் அறுபது கிலோ. அதை யாரும் கையால் தூக்கக் கூடாது. சூடான எதையும் தூக்காமல், குழாயும் வால்வும் மட்டும் வேலை செய்யும்படி வைப்பதுதான் ஸ்டாண்டின் வேலை.

இது சட்டப்படி சரிதானா? ஊருக்குப் போய் இதே மாதிரி செய்யலாமா?

அமெரிக்காவில் சரி. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. மாநிலச் சட்டமும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. சாராயம் வடிப்பது வேறு விஷயம், இந்த அனுமதிக்குள் அது வராது.

தமிழ்நாட்டில் கூடாது. அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம்.

ஒரே மட்டமா, மூணு அடுக்கா? எது நல்லது?

மூன்று அடுக்கில் வெந்நீர் உச்சியில், மேஷ் நடுவில், கொதிக்கும் பாத்திரம் கீழே. தண்ணீர் தானாக இறங்கும், பம்ப் தேவையில்லை. ஆனால் மேல் பாத்திரத்தின் விளிம்பு ஆறடிக்கு மேல் போகும். 75 டிகிரி வெந்நீர் நாற்பது லிட்டர் தலைக்கு மேல் நிற்கும். அதன் சூட்டைப் பார்க்க ஏணி போட்டு ஏற வேண்டும். அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை, யாருக்கும் சிபாரிசு செய்வதும் இல்லை.

ஒரே மட்டத்தில் மூன்றையும் வரிசையாக வைத்து, ஒன்றிரண்டு பம்ப் போடுங்கள். பம்புக்குச் செலவாகும், கழுவும் வேலையும் கூடும். பதிலுக்கு எல்லாம் இடுப்பு உயரத்தில், கண் பார்வையில் இருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரே மட்ட ஸ்டாண்டுக்குத்தான்.

என்ன இரும்பு வாங்கணும்? எஸ்.எஸ்.லதான் செய்யணுமா?

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அழகு, துருப்பிடிக்காது, விலை அதிகம், வெல்டிங்கும் கஷ்டம். பியர் ஸ்டாண்டைத் தொடுவதில்லையே, அதனால் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) போதும். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 14 கேஜ், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு அங்குலத்தில் 11 கேஜ் போடுபவர்களும் உண்டு. பாரம் தாங்கும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஸ்டாண்டைத் தள்ளவே இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தொடாதீர்கள். வெல்டு வைக்கும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பர்னர் பக்கத்தில் இருந்தால் பிறகும் பூச்சு எரியும். மரச்சட்டம் போடலாமா என்றால், நெருப்பே இல்லாத இடத்தில் மட்டும் போடலாம். ஐஸ் பெட்டியை மேஷ் பாத்திரமாக வைப்பவர்கள் அதற்கு மட்டும் மரமேடை செய்கிறார்கள்.

பழைய கட்டில் ஃப்ரேம் ஒண்ணு சும்மா கிடக்கு, அதை வெட்டிப் போடலாமா?

வேண்டாம். அந்த ஆங்கிள்கள் பெரும்பாலும் பழைய தண்டவாள இரும்பை உருட்டிச் செய்தவை. கார்பன் அதிகம். துளை போட்டால் டிரில் பிட் மழுங்கும். வெல்டு வைத்தால் பக்கத்து இரும்பு நொறுங்கும் தன்மைக்கு மாறி விரிசல் விடும். கட்டிலைத் தாங்கிய இரும்பு என்பதற்காக வெல்டு வைத்த பிறகும் பாரம் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

எனக்கு வெல்டிங் சுமாராத்தான் வரும். நானே செய்யலாமா?

செய்யலாம், அவசரப்படாமல் செய்தால். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறிய ஃபிளக்ஸ் வயர் வெல்டிங் மெஷின் 2 மில்லிமீட்டர் குழாய்க்குப் போதும். முதலில் கிரைண்டரில் துருவையும் கறுப்புத் தோலையும் எடுத்து, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரை மட்டும் எடுக்காதீர்கள். அது காயாமல் இருக்கும்போது வெல்டிங் சூடும் ஒளியும் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், கொஞ்சமே ஆளைக் கொல்லும். அசிட்டோன் போதும், அதுவும் முழுவதும் உலர்ந்த பிறகு.

மூலைகளில் முதலில் புள்ளி வெல்டு மட்டும் வையுங்கள். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்யலாம். முழு வெல்டு வைத்த பிறகு அது நடக்காது. ஒரே மூலையில் தொடர்ந்து வெல்டு வைக்காமல் எதிரெதிர் மூலைக்கு மாறி மாறிப் போனால் சட்டம் முறுக்காது.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. குழாயின் இரு முனையையும் முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் பர்னர் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறும். ஒவ்வொரு குழாயிலும் அடிப்பக்கம் ஒரு சிறிய துளை போட்டுவிடுங்கள். வெல்டிங் வேண்டவே வேண்டாம் என்றால் போல்ட்டு போடும் ஸ்ட்ரட் சேனல் கிடைக்கிறது. ஜி.ஐ. பூச்சு இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பார்ல காலி கெக் இருக்கு, எடுத்துப் பாத்திரமாக்கலாமா?

கெக் என்பது பியர் அடைத்து வரும் உலோகப் பீப்பாய். 15.5 கேலன் கெக் மேற்புறம் வெட்டப்பட்டால் அருமையான பாத்திரம். ஆனால் டெபாசிட் கட்டினால் கெக் உங்களுடையது ஆகாது. அது பியர் கம்பெனியின் சொத்து. பழைய கெக்கை முறையாக விற்பவர்களிடம் வாங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் அழுத்தத்தை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அழுத்தத்தோடு நடுக்குழாயைக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி மேலே பாயும். வால்வை அமுக்கிப் பிடித்து, சத்தம் முழுக்க நின்ற பிறகும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். முகத்தை வால்வுக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம்?

கெக் விட்டம் சுமார் 41 சென்டிமீட்டர், உயரம் சுமார் 59. மூன்றும் நடுவில் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் நீளம் ஐந்தடியைத் தொடும். மேஷைக் கிளற வேண்டியிருப்பதால் பாத்திர விளிம்பு உங்கள் முழங்கைக்கு மேல் போகக் கூடாது. அப்படிப் பார்த்தால் பாத்திரம் உட்காரும் சட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடி, அதிகபட்சம் இரண்டடி. பர்னரின் தலைக்கும் பாத்திர அடிக்கும் இடையே 10 முதல் 15 சென்டிமீட்டர் விடுங்கள். பர்னரை ஏற்றி இறக்கும்படி வைத்தால், சோதனையின்போது தீயைப் பார்த்துச் சரியான தூரத்தை முடிவு செய்யலாம்.

கேஸ் லைன் எப்படிப் போடறது? சட்டத்துக் குழாய் வழியாவே கேஸ் விட்டா சுலபமாச்சே?

சிலர் அப்படிச் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சட்டம் பாரம் தாங்கட்டும், கேஸ் தனிக் குழாயில் போகட்டும். அரை அங்குலக் கறுப்பு இரும்புக் குழாய், மரைகளுக்கு கேஸுக்கென்றே வரும் மஞ்சள் டேப், ஒவ்வொரு பர்னருக்கும் தனி வால்வு. முனை புனல் மாதிரி விரிந்திருக்கும் ஃபிளேர் மூட்டில் டேப் சுற்றக் கூடாது, உலோகமும் உலோகமும் அமர்வதுதான் அங்கே அடைப்பு.

வீட்டுக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவின் அழுத்தம் மிகக் குறைவு, கால் பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுதான். வெளியே பயன்படுத்தும் புரொப்பேன் பர்னர் பல பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குச் செய்யப்பட்டிருக்கும். ஒன்றுக்கான ஜெட்டை, அதாவது கேஸ் வரும் சிறு துளை முனையை, இன்னொன்றில் போட்டால் தீ அம்பாகவோ, அழுவதாகவோ இருக்கும். பர்னர் வாங்கும்போதே எந்தக் கேஸ் என்று முடிவு செய்துவிடுங்கள். வீட்டு லைனில் கை வைப்பதானால் உரிமம் உள்ள பிளம்பரை அழையுங்கள்.

கராஜ் கதவைத் திறந்து வச்சுட்டு உள்ளேயே காய்ச்சலாமா? வெளியே குளிருது.

கூடாது. பெரிய பர்னர் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி என்று உணரும்போது எழுந்து போகத் தெம்பு இருக்காது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து மூலையில் தேங்கும். பல கராஜ்களில் வாட்டர் ஹீட்டரின் தீ அங்கேயே எரிந்துகொண்டிருக்கும். குளிர்தான் பிரச்சினை என்றால் 240 வோல்ட் மின் ஹீட்டருக்கு மாறுங்கள். அதற்கு எலக்ட்ரீஷியன் போட்ட தனி சர்க்யூட்டும், கசிவு வந்தால் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கரும் கட்டாயம்.

சக்கரம் வைக்கலாமா?

வைக்கலாம். கணக்குப் போடுங்கள்: மூன்று கெக்கும் விளிம்புவரை தண்ணீரோடு சுமார் 215 கிலோ, சட்டமும் பம்பும் குழாயும் 50 கிலோவுக்கு மேல். நாலு சக்கரம் இருக்கிறதே என்று நாலால் வகுக்காதீர்கள். தரை சமமில்லாத இடத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும், மூன்றுதான் தாங்கும். ஆளுக்கு 90 கிலோ. அதனால் 130 கிலோவுக்கு மேல் தாங்கும் சக்கரமாக, பூட்டு உள்ளதாக வாங்குங்கள். பெரிய விட்டம் நல்லது, சின்னச் சக்கரம் தரை வெடிப்பில் மாட்டி ஸ்டாண்டைச் சாய்க்கும். காலியாக இருக்கும்போதுதான் தள்ள வேண்டும். பாத்திரத்தில் சூடாக எதுவும் இருந்தால் சக்கரம் இருப்பதையே மறந்துவிடுங்கள்.

பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சு. சனிக்கிழமை முதல் பேட்ச் போடலாமா?

முதல் நாள் தண்ணீர்தான். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மால்ட் போட்டுவிட்டால் நடுவில் நிறுத்த மனசு வராது. ஒரு மூட்டு கசிந்தால்கூட 'இந்த ஒரு தடவை ஓட்டிவிடுவோம்' என்று தோன்றும். தண்ணீர் என்றால் எந்த நிமிடமும் கீழே கொட்டிவிடலாம்.

முதலில் தண்ணீரால் பாரச் சோதனை. நெருப்பு இல்லை, கேஸ் இல்லை. மூன்று பாத்திரத்தையும் விளிம்புவரை நிரப்பி, சட்டத்தின் நீளவாக்கிலும் குறுக்காகவும் ரசமட்டம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு அப்படியே விட்டுக் காலையில் மறுபடி வைத்துப் பாருங்கள். குமிழி நகர்ந்திருந்தால் எங்கோ வளைந்திருக்கிறது. பிறகு நடுப் பாத்திரத்தைக் காலிசெய்து பாருங்கள், அடுத்து ஓரத்தில் உள்ள ஒன்றை. காய்ச்சும் நாளில் பாரம் இப்படித்தான் இடம் மாறும். ஒவ்வொரு நிலையிலும் பக்கவாட்டில் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் குறுக்குக் கம்பி வேண்டும். வெல்டு ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தால் அடியில் விரிசல்.

அடுத்து கேஸ் சோதனை எப்படி?

பர்னர் வால்வுகளை மூடிவிட்டு சிலிண்டரைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையால் தடவுங்கள். ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனை, வால்வின் தண்டு எதையும் விடாதீர்கள். சின்னக் கசிவில் குமிழி உடனே வராது. ஒரு நிமிடம் பொறுத்தால் வெள்ளை நுரை மெல்லப் பூக்கும். சோப்பில் ஒன்றும் தெரியாமல் வாசனை மட்டும் வந்தால், தடவாத இடம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மூடிய பர்னர் வால்வே உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். பர்னர் வாயிலேயே கொஞ்சம் நுரை வைத்துப் பாருங்கள். ஸ்டாண்டை நகர்த்தினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

பத்த வச்சேன், தீ மஞ்சளா எரியுது, அண்டா அடி கறுப்பாயிடுச்சு.

காற்று போதவில்லை. பர்னர் கழுத்தில் உள்ள காற்றுத் தகட்டைத் திறந்துகொண்டே வாருங்கள், தீ நீலமாகும். அப்படியும் ஆகவில்லையென்றால் பாத்திரம் தீயை நசுக்குகிறது, பர்னரைக் கொஞ்சம் இறக்குங்கள். வெளிக்காற்று தீயில் அடிக்காமல் இருக்க வைத்த மறைப்பு சுற்றிலும் அடைத்துக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். மறைப்பின் மேல் ஓரத்தில் புகை போக வழி விட வேண்டும். கரி என்றால் எரியாத கேஸ், கூடவே நான் கராஜ் கேள்வியில் சொன்ன கார்பன் மோனாக்சைடு.

சிலிண்டர் மேல ஐஸ் கட்டி, தீ பாதியில சுருங்கிப் போகுது. கேஸ் தீர்ந்துடுச்சா?

பெரும்பாலும் தீரவில்லை. திரவ புரொப்பேன் ஆவியாகும்போது தன் சூட்டையே இழக்கிறது. வேகமாக இழுத்தால் குளிர்ந்து, அழுத்தம் இறங்கிவிடும். 20 பவுண்டு சிலிண்டரில் மொத்தம் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) இருக்கிறது, 60,000 பி.டி.யு. பர்னர் ஒன்றை ஏழு மணி நேரம் ஓட்டலாம். மூன்று பர்னரையும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்தால்தான் ஒரு சிறிய சிலிண்டரால் ஆவியைக் கொடுத்து முடிவதில்லை. இரண்டு சிலிண்டர் போடுங்கள் அல்லது பெரியது வாங்குங்கள். தீயைக் காட்டிச் சிலிண்டரைச் சூடாக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

பச்சைத் தண்ணியை பம்ப் நல்லா இழுக்குது, கொதிக்கிறப்போ மட்டும் கத்துது, தண்ணி வரல.

வீட்டில் பியர் காய்ச்ச வழக்கமாக வாங்கும் காந்த பம்புகள் தானாக உறிஞ்சாது. பாத்திரத்தின் குழாய்க்குக் கீழே இருக்க வேண்டும், தலைப்பகுதி முழுக்கத் தண்ணீர் நிரம்பிய பிறகுதான் ஸ்விட்ச். கொதிநீரில் இன்னொரு தொல்லை உண்டு: உறிஞ்சும் பக்கம் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் அங்கேயே ஆவியாகி, குமிழிகள் பம்பை நிறுத்திவிடும். அதனால் உள்ளே வரும் வழியை அகலமாக, வளைவு குறைவாக வையுங்கள். வேகத்தைக் குறைக்கும் வால்வு எப்போதும் வெளியேறும் பக்கம்தான் இருக்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாய் மேலே பார்த்தபடி பம்ப் தலையைத் திருப்பி வைத்தால் காற்றுக் குமிழி தானாக வெளியேறும்.

ஒரு மணி நேரம் கொதிச்ச பிறகு, பர்னர் மேல இருக்கிற கம்பி சிவந்து தெரிஞ்சுது. பாரச் சோதனையில ஒண்ணும் ஆகலையே?

அது பச்சைத் தண்ணீர்ச் சோதனை. எம்.எஸ். இரும்பு 550 டிகிரி அளவில் தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரிகிறது என்றால் அந்த அளவைத் தொட்டுவிட்டது. உடனே உடையாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும்.

தீ நேராகக் கம்பியை நக்காதபடி மாற்ற வேண்டும். பாத்திரம் அதன் ஓரத்தில் மட்டும் உட்காரட்டும், தாங்கும் கம்பிகள் தீவட்டத்துக்கு வெளியே தள்ளிப் போகட்டும். மாற்றிய பிறகு சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் கொதிக்க வைத்து, கம்பி நிறத்தைப் பாருங்கள். மறுநாள் ஆறிய பிறகு ரசமட்டம். அதே சோதனையில் பெயின்ட்டும் வெந்து புகைந்து அடங்கிவிடும். அடுப்புக்கென்று வரும் 650 டிகிரி பெயின்ட் அடித்திருந்தாலும் பர்னர் ஓரம் கொஞ்சம் உரியத்தான் செய்யும், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

தண்ணி கொதிக்க வச்சதுல வேற என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறைய. கொதிக்கத் தொடங்கியதும் ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். கெக் பாத்திரத்தில் 4 முதல் 6 லிட்டர் ஆவியாவது வழக்கம். உங்கள் தீக்கும் காற்றுக்கும் உள்ள எண்ணை நீங்களே அளந்தால்தான் தொடக்கத்தில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு வரும். வால்வைத் திறந்து வடித்த பிறகு அடியில் தங்குவதையும் அளந்து எழுதுங்கள். தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபாருங்கள். 1,609 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே 100 காட்டாத தெர்மாமீட்டரைக் குறை சொல்லக் கூடாது.

கண்ட்ரோலர் வச்சு, பர்னர் தானா பத்தி தானா அணையற மாதிரி செய்யலாமா?

செய்யலாம், மேஷ் சூட்டைப் பிடித்து வைக்க வசதியும்தான். ஆனால் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வும் தெர்மோஸ்டாட்டும் மட்டும் போட்டால் தீ இருக்கிறதா இல்லையா என்று அந்த வால்வுக்குத் தெரியாது. வொர்ட் கொதி வரும் நேரத்தில் நுரை பொங்கி வழிந்து பர்னரை அணைக்கும், காற்றும் அணைக்கும். சூடு குறைகிறதே என்று கண்ட்ரோலர் கேஸைத் திறந்தே வைத்திருக்கும்.

அதனால் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய பைலட் தீயும், அந்தத் தீ அணைந்தால் கேஸை முழுக்க மூடும் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) வால்வும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். சோதிப்பதும் கடினமில்லை. மெயின் பர்னர் அணைந்திருக்கும்போது கண்ட்ரோலரை நிறுத்திவிட்டு, பைலட்டை ஊதி அணையுங்கள். தெர்மோகப்பிள் ஆற ஒரு நிமிடம் வரை ஆகலாம். 'டக்' என்று வால்வு மூடும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு பைலட் வாயில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு மூடவில்லை, மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். மூன்று பர்னருக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் எரிய விடுவது மட்டும் இந்த வால்வு இருந்தாலும் கூடாது.